இடிக்கப்படும், ஒன்றுக்கு மூன்று

மெத்தைக்காரரின் கடை ஷட்டரில் நகராட்சி ஒட்டிவிட்டுப் போன நோட்டீசில் மூன்றே வரிகள்தான் இருந்தன. 'இக்கட்டடம் இடிக்கப்படும்: ஒன்றுக்கு மூன்று. இக்கட்டடம் இடிக்கப்படாது: ஒன்பதுக்கு ஒன்று. மாதக் கடைசி வேலை நாள், மாலை ஐந்து மணி வரை.' அதற்குக் கீழே வட்ட முத்திரை. முத்திரைக்கும் கீழே, சின்ன எழுத்தில், 'உங்கள் நலனே எங்கள் நோக்கம்' என்று போட்டிருந்தது. அதற்கு மட்டும் விகிதம் எதுவும் கொடுக்கவில்லை.

கீழே கடை, மேலே வீடு. பஞ்சு அடைத்தும் ஸ்பிரிங் வைத்துத் தைத்தும் சேர்த்த காசில் கட்டிய இடம். ஊரையே படுக்க வைக்கிற தொழில் செய்தாலும் மெத்தைக்காரர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். "உங்க காலுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கை வெச்சுத் தைச்சுட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். நோட்டீசைப் பார்த்ததிலிருந்து அந்த ஸ்பிரிங் இரண்டானது.

"ஒன்றுக்கு மூன்றுன்னா என்னங்க அர்த்தம்?" என்று எதிர்க்கடை பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

"ஒரு கடைக்கு மூணு தடவை இடிப்பாங்க போல."

"முதல் தடவையே விழுந்துடுமே. அப்புறம் எதை இடிப்பாங்க?"

"கவர்மென்ட் வேலைண்ணே. ஒரே தடவையில எதைச் சரியா முடிச்சிருக்காங்க?"

இந்த இடத்தில் நகராட்சியின் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அங்கேயும் கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆமாம் என்று சொன்னது நடக்காமல் போனால் வழக்கு வந்தது. இல்லை என்று சொன்னது நடந்துவிட்டாலும் வழக்கு வந்தது. அதிகாரிகள் கூடி உட்கார்ந்து யோசித்து, 'வாய்ப்புக் கணிப்புத் துறை' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அன்று முதல் எந்த அதிகாரியும் எதையும் நடக்கும் என்றோ நடக்காது என்றோ வாய்திறந்து சொல்லக்கூடாது, விகிதம் மட்டும் சொல்லலாம் என்று ஆனது. வெறும் விகிதத்தை யார் மதிப்பார்கள்? அதனால் பொதுமக்கள் பணமும் கட்டலாம் என்று வைத்தார்கள். குழாயில் தண்ணீர் வருமா, குப்பை வண்டி வருமா, தெருவிளக்கு எரியுமா, எல்லாவற்றுக்கும் பந்தயம். வருமானம் கொட்டியது. தெருவிளக்கு வழக்கம்போல எரியவில்லை. முன்பு எல்லோரும் அதற்காகத் திட்டினார்கள். இப்போது அதில் சிலர் ஜெயித்தார்கள்.

மெத்தைக்காரர் மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். மைத்துனன் சின்ன வயதிலிருந்தே பந்தயத்தில் ஊறியவன். ஜெயித்தது கிடையாது. ஆனால் ஏன் தோற்றோம் என்று அவனைப்போல் விளக்க இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும்.

கூடம் ரயில் நிலையம் மாதிரி இருந்தது. சுவர் முழுக்க எழுத்துகள் ஓடும் பெரிய பலகை, அதற்குக் கீழே அண்ணாந்த கழுத்துகள். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள்.

"அம்மா, என் கடையை இடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"ஒன்றுக்கு மூன்று சார்."

"அது நோட்டீஸ்லயே இருக்கும்மா. நான் கேக்கிறது, இடிப்பீங்களா?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். இப்ப கட்டுறீங்களா, அப்புறமா வர்றீங்களா?"

மெத்தைக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. "நீங்க மத்தியானம் சாப்பிடப் போவீங்களா?" என்றார்.

அந்தப் பெண் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். "நாலுக்கு ஒன்று போட்டிருக்கு சார். காலையில ஆறுக்கு ஒன்றா இருந்துச்சு, கூட்டம் சேர்ந்ததுல இறங்கிடுச்சு," என்று கவலையோடு சொன்னாள்.

மைத்துனன் அவரைப் பெஞ்சுக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தான். அவர் உடனே எழுந்து நின்றுகொண்டார்.

"மாமா, இது ரொம்பச் சுலபம். இடிக்கும்னு ஒரு ரூபா கட்டுறீங்க. இடிச்சா மூணு ரூபா லாபம், போட்ட ஒண்ணும் திரும்ப வரும். ஆக நாலு. அதுல உங்களோடது ஒண்ணு. அப்ப நாலுல ஒரு பங்கு வாய்ப்புன்னு அர்த்தம். நூத்துக்கு இருபத்தஞ்சு. இதே மாதிரி நாலு தடவை வந்தா ஒரு தடவை இடிப்பாங்க."

"கடை ஒண்ணுதானேடா இருக்கு. நாலு தடவைக்கு நான் எங்க போவேன்?"

"அது ஒரு பேச்சுக்கு மாமா. இப்ப அடுத்த வரியைப் பாருங்க. இடிக்காதுன்னு ஒன்பது கட்டினாத்தான் ஒண்ணு லாபம். பத்துல ஒன்பது. நூத்துக்குத் தொண்ணூறு வாய்ப்பு. தைரியமா இருங்க."

மெத்தைக்காரர் தைரியமாக இருக்கப் பார்த்தார். முடியவில்லை. மெத்தைக்கு அளவெடுத்துப் பழகிய கை, கூட்டிப் பார்க்காமல் விடாது. "இடிக்கிறதுக்கு இருபத்தஞ்சு, இடிக்காததுக்குத் தொண்ணூறு. நூத்திப்பதினஞ்சு வருதேடா. ரெண்டுல ஒண்ணுதானே நடக்கும்? மொத்தம் நூறுதானே இருக்கணும்? அந்தப் பதினஞ்சு என்ன?"

மைத்துனன் முகத்தில் ஒரு பக்திக்களை வந்தது. "அங்கதான் மாமா நகராட்சி நிக்குது," என்றான்.

தலைமைக் கணிப்பாளர் அறையின் கதவில், 'உள்ளே இருக்கிறார்: ஒன்றுக்கு இரண்டு' என்று எழுதியிருந்தது. தள்ளிப் பார்த்தார்கள். இருந்தார். தன்னைப் பார்க்க ஆள் வந்துவிட்டதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம். பதினைந்தைப் பற்றி மெத்தைக்காரர் கேட்டதும் எழுந்து நின்று, மேடையில் நிற்கிறவர் போலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்ல கேள்வி. நடப்பதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. நடக்காமல் இருப்பதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த இரண்டுக்கும் மேலே, எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், நாங்கள் இருக்கிறோம். அந்த 'நாங்கள்'தான் பதினைந்து. உலகத்தில் உறுதியான வாய்ப்பு அது ஒன்றுதான். நிலநடுக்கம் வந்து ஊரே போனாலும் பதினைந்து போகாது."

"சரிங்கய்யா. ஆனா இந்த ஒன்றுக்கு மூன்றை யாரு முடிவு பண்றாங்க? இன்ஜினியர் வந்து சுவரைப் பார்த்தாரா? ரோடு அகலப்படுத்தப் போறீங்களா?"

தலைமைக் கணிப்பாளர் அனுதாபத்துடன் சிரித்தார். "முன்பெல்லாம் இன்ஜினியர் வைத்திருந்தோம். அவர் இடத்துக்குப் போவார், அளப்பார், ஒரு மாதம் கழித்து ஒன்று சொல்வார், அதுவும் சில நேரம் சரியாக இருந்துவிடும். எவ்வளவு செலவு! இப்போது மக்களே சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் பணம் அதிகம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதத்தைக் குறைத்துவிடுவோம். யார் கையிலும் அழுக்குப் படுவதில்லை. பணம் போட்டவன் பொய் சொல்லமாட்டான் என்பது எங்கள் துறையின் அடிப்படைக் கொள்கை."

"தெரியாமப் போடுவானேய்யா?"

"தெரியாமல் போடுகிறவர்கள்தான் அதிகம். பெரும்பான்மையை நாங்கள் மதிக்கிறோம்."

வெளியே வந்ததும் மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். மெத்தைக்காரர் இடிக்கும் என்று பணம் கட்ட வேண்டும். கடை போனால் மூன்று மடங்கு லாபம் வரும், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். கடை நின்றால் கட்டிய பணம் போகும், ஆனால் கடை இருக்கும். "இன்ஷூரன்ஸ் மாதிரி மாமா. ரெண்டு பக்கமும் காப்பு."

மெத்தைக்காரர் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போய் வந்தார். பிறகு வங்கிக்குப் போய், இருந்த சேமிப்பை எடுத்து, ஒன்றுக்கு மூன்றில் கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்.

அவள் கோணூசியைப் பஞ்சில் குத்தி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கூட வாழ்ந்துக்கிட்டே பார்ப்பேன்னு நினைக்கலை," என்றாள்.

"அப்படி இல்லம்மா, இது காப்பு..."

"உங்க கடை விழும்னு நீங்களே பணம் கட்டினா, ஊரு என்ன நினைக்கும்?"

ஊர் நினைத்தது. மறுநாளே நினைத்தது. 'கடைக்காரரே மொத்தச் சேமிப்பையும் இடிக்கும்னு போட்டிருக்காராம். உள்விஷயம் தெரியாமலா போடுவார்?' என்று பேக்கரியில் ஆரம்பித்த பேச்சு தெருவைச் சுற்றி வந்தது. பேக்கரிக்காரர் போட்டார். தையல்கடை போட்டது. மெத்தைக்கு முன்பணம் கொடுத்திருந்தவர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். பலகையில் இடிப்பு வாய்ப்பு ஒன்றுக்கு ஒன்றானது, ஐந்துக்கு ஒன்றானது, மாதம் முடிவதற்குள் ஐம்பதுக்கு ஒன்றில் வந்து நின்றது. ஐம்பது கட்டினால் ஒன்றுதான் லாபம் என்றாலும், கண்ணுக்கு முன்னால் நிச்சயமாகக் கிடக்கிற ஒன்றை விட யாருக்கும் மனசில்லை. இடிக்காது என்பதை ஒன்றுக்கு ஐந்து என்று கூவிக் கூவி விற்றார்கள். சீண்ட ஆளில்லை.

கடைக்கு வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டே, "எப்பண்ணே இடிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். பேக்கரிக்காரர் தினமும் சுவரைத் தட்டிப் பார்த்து, "பலமாத்தான் கட்டியிருக்கீங்க," என்று பெருமூச்சு விட்டார். மெத்தைக்காரர் ராத்திரியில் படுப்பதை விட்டுவிட்டார். எந்த நேரமும் கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மறுபடியும் நகராட்சிக்கு ஓடினார். இந்தத் தடவை கதவில் 'உள்ளே இருக்கிறார்: ஒன்றுக்கு எட்டு' என்று இருந்தது. அப்போதும் இருந்தார்.

"ஐயா, நான் பயத்துலதான் பணம் கட்டினேன். எனக்கு ஒரு உள்விஷயமும் தெரியாது. அதைப் பார்த்து ஊரே கட்டிடுச்சு."

"பயத்தைவிட நேர்மையான தகவல் உண்டா?" என்றார் தலைமைக் கணிப்பாளர். "உங்கள் பயத்தை இந்தத் துறை மனமாரப் பாராட்டுகிறது. வெள்ளிக்கிழமை புல்டோசர் வரும்: ஐம்பதுக்கு ஒன்று."

"எதுக்குய்யா இடிக்கிறீங்க? ரோடு வருதா?"

அவர் பலகையின் சின்ன நகல் ஒன்றைத் திரும்பிப் பார்த்தார். "சாலை அகலப்படுத்தப்படும்: ஒன்றுக்கு நாற்பது. வர வாய்ப்பில்லை."

"ரோடே வராதுன்னா கடையை எதுக்கு இடிக்கணும்?"

"அது வேறு பந்தயம். ஒரு பந்தயத்தில் இன்னொன்றைக் கலக்கக்கூடாது, கணக்கு கெட்டுவிடும். இதோ பாருங்கள், இத்தனை பேர் இடிக்கப்படும் என்று நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். இடிக்காவிட்டால் எங்கள் கணிப்பு பொய்யாகும். இடிக்காமலேயே அவர்களுக்குப் பணம் கொடுத்தால் அது மோசடி. நேர்மையான நிர்வாகத்துக்கு இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை."

வெள்ளிக்கிழமை மாதக் கடைசி வேலை நாள். மதியமே தெரு நிறைந்துவிட்டது. தெருமுனையில் நகராட்சியின் கவுண்டர் வண்டி வந்து நின்றது. தலைமைக் கணிப்பாளர் அதன் மேல் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். கூரை கீழே வந்தால்தான் இடிப்பு என்று கணக்கு, ஐந்து மணிக்கு ஒரு நொடி தாண்டினாலும் செல்லாது என்று விதிகளை வாசித்தார். மெத்தைக்காரரின் மனைவி காலையிலிருந்து கடைக்குள் நடுமெத்தையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

புல்டோசரும் வந்தது. கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார், செருப்பைக் கழற்றினார், காலைத் தூக்கி ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டார்.

"இடிங்க சார், மணி ஆகுது!" என்று கூட்டம் கத்தியது.

"வண்டி சூடாயிருக்கு. ஆறட்டும்."

"எப்ப ஆறும்?"

"அஞ்சு மணிக்கு மேல ஆகும்," என்றார் ஓட்டுநர்.

மைத்துனனுக்குத்தான் முதலில் உறைத்தது. "இந்த ஆளு இடிக்காதுன்னு கட்டியிருக்கான்! ஒன்றுக்கு ஐந்து! இடிக்கிறவனே இடிக்காதுன்னு கட்டியிருக்கான்!" என்று அலறினான். ஓட்டுநர் மறுக்கவில்லை. விலை மலிவாக இருந்தது, வேலையும் தன் கையில் இருந்தது, கட்டினேன் என்றார். அதில் சட்டப்படி என்ன தவறு என்று தலைமைக் கணிப்பாளரும் யோசித்துப் பார்த்தார். ஒரு தவறும் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் தன் கடைக்குள் போய் ஒரு கடப்பாரையோடு வந்தார். தையல்காரர் சுத்தியல் கொண்டுவந்தார். யார் யாரோ ஏணியைச் சாய்த்தார்கள். எல்லோரும் மெத்தைக்காரரின் மெத்தையில் தூங்கி எழுகிறவர்கள். ஒருவர் முகத்திலும் பகை இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே, பொண்ணு படிப்புக்கு வெச்சிருந்த காசு," என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரர் சுவரில் முதல் குத்துக் குத்தினார்.

மைத்துனன் இன்னொரு கடப்பாரையை மெத்தைக்காரரின் கையில் திணித்தான். "மாமா, இங்க இருக்கிறதுலயே பெரிய பணம் உங்களோடது. ஒன்றுக்கு மூன்றுல போட்ட ஒரே ஆளு நீங்கதான். கடை நின்னா சேமிப்பு போச்சு. போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல கூரையை இறக்கிடலாம்."

மெத்தைக்காரர் உள்ளே போனார்.

"எழுந்து வாம்மா. ஆளுங்க உடைக்கிறாங்க."

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "கடப்பாரையோட வந்திருக்கீங்க," என்றாள்.

அப்போதுதான் அவரும் அதைப் பார்த்தார். தான் கட்டிய சுவருக்குள், தன் கையில் கடப்பாரை. செத்தால் தேவலை என்று இருந்தது. அதைக் கீழே போட்டார், ஷட்டரைப் பாதி இறக்கினார், மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன கேட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே கடப்பாரைகள் நின்றன. உள்ளே ஆள் இருக்கும்போது கூரை விழுந்தால் அது வேறு துறைக்குப் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் தலைமைக் கணிப்பாளருக்கு ஞானம் பிறந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"பொதுமக்கள் கவனத்துக்கு! புதிய பந்தயம்! மெத்தைக்கடை உரிமையாளர் ஆறு மணிக்குள் வெளியே வருவார்: ஒன்றுக்கு ஒன்று. வரமாட்டார்: ஒன்றுக்கு ஒன்று. ஆரம்ப விகிதம் சிறிது நேரத்துக்கு மட்டுமே! நகராட்சியின் பங்கு தனியாகப் பிடித்துக்கொள்ளப்படும்!"

கடப்பாரை விழுந்த சத்தம் ஒன்று கேட்டது. பிறகு பல சத்தங்கள். ஏணியில் பாதி ஏறியிருந்தவர் இறங்கி ஓடினார். கவுண்டர் வண்டியின் முன்னால் வரிசை கட்டினார்கள். நான் முந்தி, நீ முந்தி என்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவி எழுந்து பின்பக்க ஜன்னலுக்குப் போய்த் தம்பியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பாள் என்று மெத்தைக்காரர் நினைத்தார். வரிசை இன்னும் பாதிகூடக் கரையவில்லை, நகராட்சிச் சங்கு ஐந்து மணிக்கு ஊதிவிட்டது.

புல்டோசர் ஓட்டுநர் குதித்து இறங்கி எந்திரத்தை முத்தமிட்டார். கூரை இருந்த இடத்தில் இருந்தது. மெத்தைக்காரர் மேலே அண்ணாந்து பார்த்தார். சேமிப்பில் ஒரு காசு மிச்சமில்லை, ஆனாலும் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் அந்தக் கையில் வளையல் இல்லை என்று தெரிந்தது.

ஷட்டருக்குக் கீழே மைத்துனனின் முகம் எட்டிப் பார்த்தது. "அக்கா, நீ சொன்ன பக்கமே போட்டுட்டேன். மொத்தமும் போட்டாச்சு. சரியா வந்தா மாமா விட்டதுல பாதியாவது தேறும்," என்று சொல்லிவிட்டு முகம் மறைந்தது. அவனுக்குப் பின்னால் பேக்கரிக்காரர் கெஞ்சுகிற குரல் கேட்டது: "அண்ணே, வெளிய வந்துடாதீங்கண்ணே!" இன்னொரு குரல், "வாங்கண்ணே, காத்தாட வாங்க!" என்று கூப்பிட்டது.

"எந்தப் பக்கம் போட்டிருக்கே?" என்றார் மெத்தைக்காரர்.

"சொன்னா அதைப் பார்த்து நடந்துக்குவீங்க."

"சொல்லும்மா. நீ சொல்றபடி செஞ்சுடறேன். பாதிக் காசாவது வரட்டும்."

"அப்படிச் செஞ்சா செல்லாதுன்னு டிரைவரைப் பார்த்துப் புது விதி போட்டுட்டாங்களாம், தம்பி ஜன்னல்லயே சொன்னான். நீங்க உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க. நான் எனக்குத் தோணினதைப் போட்டுட்டேன்."

மெத்தைக்காரர் எழுந்தார். ஷட்டர் வரை போய்த் திரும்பி வந்தார். உட்காரப் போனவர் உட்காரவில்லை. மனைவி தலையணை உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கூடவே இருக்கிறவள், இவர் இப்படிப்பட்ட ஆள்தான் என்று தன்னைப் பற்றி என்ன முடிவு கட்டி வைத்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தேடினார். எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை.